திங்கட்கிழமை பகல் காட்சி

வெள்ளிக்கிழமையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.
வெள்ளிக்கிழமை எல்லாப் படமும் ஓடும்.
கட்-அவுட்டில் ஊற்றிய பால்
காய்ந்து நாறத் தொடங்கும் ஞாயிறு இரவுவரை
ஓடிக்கொண்டிருப்பது முதல் பாகம்தான்,
இரண்டாம் பாகத்தின் பெயரில்.

இருபத்தாறு வருடமாக விநியோகஸ்தரின் ஆள்.
நீடாமங்கலம், மன்னார்குடி, கூத்தாநல்லூர்,
எங்கே பெட்டி இறங்கினாலும்
(பெட்டி ஏது இப்போது, பாஸ்வேர்டு வருகிறது)
பக்கத்திலேயே நானும் இறங்குவேன்,
கிழித்த டிக்கெட்டின் மிச்சத்தை எண்ண.

இதன் முதல் பாகம்
மன்னார்குடி செண்பகாவில் அறுபத்தோரு நாள்.
பாலத்துச் சண்டை வரும் நேரம் தெரிந்து
வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்
டம்ளரோடு உள்ளே ஓடினார்கள்.
இதிலும் ஒரு பாலம் உண்டு, இன்னும் உயரமாக.
அதை நம்பித்தான் முதலாளி
ஏரியாவுக்கு ஒன்றேகால் கோடி எம்.ஜி. கட்டினார்,
தாளடிக்கு நாற்று விடுகிறவனின் தைரியத்தோடு:
குறுவை அறுத்த கட்டை இன்னும் மக்கவில்லை,
அதே சேறு,
ஒரு பாட்டம் மழை தப்பினால் போதும்.

வெள்ளி நான்கு காட்சியும் நிறைந்தது. சனி நிறைந்தது.
ஞாயிறு இரவே சென்னையிலிருந்து போஸ்டர் வந்துவிட்டது,
'மாபெரும் வெற்றி'.
பசை வாளியோடு பையன் நிற்கிறான்.
பொறு என்றேன், நாளைப் பகல் காட்சி முடியட்டும்.

எனக்கென்று சில அளவு உண்டு.
இடைவேளையில் ஜபருல்லா எத்தனை பப்ஸ் விற்றான்;
சண்டை நடக்கும்போது எத்தனை முகங்கள்
கைபேசி வெளிச்சத்தில் தெரிந்தன;
படம் முடியுமுன்னே வண்டி ஸ்டாண்டில்
டோக்கன் நீட்டியவர்கள் எத்தனை.
ஸ்டாண்டுக்காரி தையல்நாயகி ஒரு படமும் பார்த்ததில்லை.
"ரெண்டாவது சண்டைக்கே ஒம்போது வண்டி போயிருச்சு" என்றாள்.
பத்திரிகை விமர்சனமெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு.

திங்கள் பகல், பதினான்கு பேர்.

முதலாளிக்கு உடனே சொல்லவில்லை.
தை கடைசி. கொள்முதல் நிலையத்து வாசலில்
ஐந்து நாளாய்க் கிடக்கிறது சம்பா,
தார்ப்பாய்க்குள் வியர்த்துக்கொண்டு.
ஈரப்பதம் இருபத்தொன்று. பதினேழுக்கு இறங்கினால்தான் எடை.
எடை போட்டால்தான் பணம்,
பணம் வந்தால்தான் இரண்டாம் வாரம்.
படம் மோசமா, நெல் ஈரமா?
கலெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அதற்கொரு கட்டம் இல்லை.

பதினான்கில் ஒருவர் செவ்வாயும் வந்தார். புதனும்.
அதே எஃப் வரிசை, ஓரம்.
பாலத்துச் சண்டை முடிந்ததும் எழுந்துவிடுவார்.
புதனன்று வாசலில் மறித்தேன்.
வலங்கைமான்காரர், பூவராகன்.
சட்டைப்பையிலிருந்து ஸ்டண்ட் யூனியன் கார்டை எடுத்தார்,
ஓரம் நைந்தது.
"மூணாவதா ஆத்துல விழறது நான்தான் சார்.
மொதப் பாகத்துலயும் செத்தேன்.
அதுல பச்சைச் சட்டை.
செத்தவன் மறுபடி எப்படி வந்தான்னு
ஒருத்தரும் கேக்கல."
இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.
எந்தப் பாகத்தில் என்று நானும் கேட்கவில்லை.

அவர் கேட்டார்:
"படம் ஓடுமா? மூணாம் பாகம் எடுப்பாங்களா?"

இந்தக் கேள்வியை
முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள்,
கதாநாயகனின் மைத்துனர் ஒருமுறை, நடுராத்திரியில்.
விழுகிறவன் கேட்டு இப்போதுதான்.
"வெயில் அடிச்சா ஓடும்" என்றேன்.
டெல்டாக்காரர், புரிந்துகொண்டார்.
நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

ராத்திரி போன். "ஹிட்டா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."
வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.
போஸ்டர் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன்.
புதன், பகல் காட்சி: பதினொன்று.
அதில் ஒருவர் திரையிலும் இருக்கிறார்,
காசு கொடுத்துத்தான் வந்தார்.
இரண்டு முறை எண்ணினேன்.
பதினொன்றுதான்.